வயநாட்டு மழை, நஞ்சன்கூட்டு வெள்ளம்

கர்நாடகத்தின் நஞ்சன்கூட்டில் வெயில் காயும் நாளிலும் வெள்ளம் வரும். மழை பெய்வது கேரளத்தின் வயநாட்டில். லக்கிடி, வைத்திரி மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்தால், இங்கே ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்கு வந்து மொட்டையடித்தவர்களை ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு இந்த ஆறு கபிலா. அரசுக் காகிதத்தில் கபினி.

பனமரம் ஆறும் மானந்தவாடி ஆறும் சேர்ந்தால் கபினி. பனமரத்தின் துணையாறு ஒன்றில் கேரள மின்வாரியத்தின் பாணாசுர சாகர் மண் அணை இருக்கிறது. அங்கே மட்டம் ஏற ஏற நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறம் மாறும். இன்னும் கீழே முத்தங்கேராவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம். 1958இல் டெல்லி யமுனையில் வெள்ள முன்னறிவிப்பைத் தொடங்கிய அதே ஆணையம்தான். அடிப்படை முறை எளியது: மேலே இவ்வளவு ஏறினால் கீழே எப்போது, எவ்வளவு ஏறும் என்று பழைய வெள்ளங்களை வைத்துக் கணக்கிடுவது. இப்போது அதோடு வானிலைத் துறையின் மழைக் கணிப்பையும் கணினி மாதிரிகளையும் சேர்க்கிறார்கள். கர்நாடகத்துக்குத் தனியாக ஓர் இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமும் உண்டு. 1988இல் வறட்சியைக் கவனிக்கத் தொடங்கிய அமைப்பு அது.

இத்தனை கணக்கும் பீச்சனஹள்ளியிலுள்ள கபினி அணையில் வந்து நிற்கிறது. 1974இல் முடிந்த இந்த அணையின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி.தான், மேட்டூரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. (மட்டத்தைக் கடலிலிருந்து அளப்பதால் 2284 அடி என்று நாளிதழில் பார்த்து மலைக்க வேண்டாம்.) சின்ன அணை சீக்கிரம் நிரம்பும். முன்னறிவிப்பை நம்பி முன்கூட்டியே திறந்துவிட்டு, மழை ஏமாற்றினால் பாசனத்துக்கு யார் பதில் சொல்வது? திறக்காமல் காத்திருந்தால் நஞ்சன்கூடு மூழ்கும். கணக்குப் போடுவதைவிட, அதை நம்பி மதகைத் தூக்குவதுதான் கடினம் என்று எனக்குப் படுகிறது.

2019 ஆகஸ்டில் வெளியேற்றம் நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. மைசூரு–நஞ்சன்கூடு சாலையில் மல்லனமூலை அருகே தண்ணீர் ஏறிப் போக்குவரத்து நின்றது. ஒரு லட்சம் கன அடி என்றால் எந்தத் தெரு என்று யாருக்குப் புரியும்? கரையிலுள்ள பதினாறு கால் மண்டபத்தில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்றால் ஊருக்கே புரியும். முன்னறிவிப்பு அந்த மொழியில் வருவதில்லை.

நஞ்சன்கூட்டில் 1735இல் கட்டிய பழைய பாலத்தைக் கடந்து, திருமகூடலு நரசிபுராவில் கபினி காவிரியோடு கலந்து முடிகிறது. தண்ணீர் முடிவதில்லை. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அதே நீர் ஆணையம் மறுபடி அளக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரித் தீர்ப்பின்படி தமிழகத்துக்குரிய 177.25 டி.எம்.சி.யைக் கணக்கிடும் இடமும் அதுதான். அந்த ஆண்டு ஜூலை 23ஆம் தேதி மேட்டூர் அணை அதன் முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. கபினியில் மதகு திறந்த செய்தியைக் கேட்டு நஞ்சன்கூட்டின் தாழ்வான தெருக்களில் சாமான்களை மேலே ஏற்றுவார்கள். தஞ்சாவூரில் நாற்றங்கால் பற்றிப் பேச்சு தொடங்கும்.