கரவனெல்லயில் ஒரு துண்டு காணி

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்தவர்கள் கரவனெல்லயைக் கட்டாயம் கடந்திருப்பார்கள். அங்கே இறங்கியவர்கள் சிலரே. 1957இல் வெளிவந்த ஆங்கிலச் சினிமாவுக்காகப் பாலம் கட்டித் தகர்த்த கித்துல்கலவைக் காணும் ஆவலிலோ, மலைநாட்டுக் குளிரை நாடும் அவசரத்திலோ, இவ்வூரை ஒரு சந்தி என்ற அளவில் கண்டுவிட்டுப் போய்விடுவது வழக்கம். நாமும் இருபது ஆண்டுகளாக அவ்வாறே போய்வந்தோம். சென்ற ஆவணியிலேதான் முதன்முறையாக அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினோம். இயற்கையழகை இரசிப்பதற்கன்று, காணி பார்ப்பதற்கு.

காணி நமக்கன்று. நம்மிடம் முன்னாளில் படித்த மாணவர் ஒருவருக்கு. யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். இப்பொழுது அவிசாவளைக்கு அருகே சீதாவாக்கைக் கைத்தொழில் வலயத்தில் உத்தியோகம். மனைவி தமிழ்ப் பாடசாலை ஆசிரியை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு மகள். லயத்தை விட்டு அசையமாட்டேன் என்னும் தாயார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் பெற்று, பத்துப் பேர்ச் காணி வாங்கி வீடு கட்ட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

"எங்கே வாங்கலாம், சேர்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். விலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதைத் தரகர்களிடம் அறிந்துகொண்டுவிட்டார். சிங்கள மக்கள் பெருவாரியாக வாழும் ஊரிலே, கடன்பட்டுக் கட்டிய வீட்டிலே, ஒரு தமிழ்க் குடும்பம் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதே அவர் கேட்டது. பாடப் புத்தகத்தில் விடை இல்லாத கேள்வி. ஆகையால் கூடவே புறப்பட்டோம்.

லயத்திலேயே இருந்துவிட்டால் என்ன என்று தூரத்து வாசகர் வினவக்கூடும். நீண்ட கூரை ஒன்றின்கீழ்ப் பத்துப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், அதுவே லயம். பல வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின; 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்தில் இருக்கின்றன. கை மாறியதெல்லாம் தோட்டந்தான். நான்கு தலைமுறை அதற்குள் வாழ்ந்தவனுக்கு அறை சொந்தமாகவில்லை. உறுதி இல்லாத வீட்டை ஈடாகக் கொண்டு எந்த வங்கி கடன் கொடுக்கும்? கடிதமோ தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் சேரவேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் தேர்வு முடிந்த மறுநாள் கிடைத்த கதையை நம் மாணவர்கள் ஒருவரல்லர், பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். அச்சபையின் பணமோ தோட்டத்துப் பாதையில் செலவாக வழியில்லாதிருந்தது. அதைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி கொடுத்துத் தனிவீடு கட்டும் திட்டமும் வந்தது உண்மைதான். தோட்டத்துக்கு வெளியே தொழில் செய்யும் நம் மாணவர் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே மூன்று இடங்களை மனத்தில் வைத்திருந்தார். முதலாவது கொழும்புக்கு வடக்கே வத்தளை. தமிழர் நிறைய உண்டு, கோவில் உண்டு, தமிழ்ப் பாடசாலை உண்டு. காணி விலையைக் கேட்ட மாத்திரத்தில் அந்தப் பெயரை அழித்துவிட்டார். வெள்ளவத்தையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அங்கே ஒரு பேர்ச் வாங்கும் பணத்தில் கரவனெல்லப் பக்கத்தில் வளவும் வாங்கி வீடும் கட்டி முடிக்கலாம்.

இரண்டாவது வவுனியா. அவருடைய மாமன் 1977இல் அங்கே போனவர். அவ்வாண்டு ஆவணியில் சப்பிரகமுவத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது, உடுத்த துணியோடு வெளியேறிய குடும்பங்கள் பல வன்னிக்குச் சென்றன. காந்தீயம் இயக்கம் அவர்களைக் காடு வெட்டிக் குடியேற்றியது. "நம்ம சனங்களோடு இருந்தால் பயமில்லை" என்பது அன்று எல்லாருடைய எண்ணமும். பின்னர் நடந்ததை நாடே அறியும். போர் அங்கேதான் வந்தது. மாமன் குடும்பம் பலமுறை இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளத்து முகாமில் முட்கம்பிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. இப்பொழுது அங்கே காணி மலிவு. மாமனும் வா வா என்கிறார். தொழில்தான் அங்கே இல்லை.

மூன்றாவது கரவனெல்ல.

இந்தத் தேடல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சென்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945இல் ஒரு வீட்டை வாங்கியது. அத்தெருவின் வீடுகளைக் கறுப்பினத்தார் கையில் கொடுக்கலாகாது என்று 1911இலேயே அயலவர் கையெழுத்திட்டு வைத்திருந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என்று 1948இல் தீர்ப்பாயிற்று. விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் பின்னும் இருபது ஆண்டு கழித்து, 1968இல்தான் வந்தது. அதே 1948இல் இலங்கையில் வந்தது பிரசாவுரிமைச் சட்டம்! அங்கே ஒரு குடும்பத்துக்கு வீட்டுக் கதவு திறந்த ஆண்டில், இங்கே இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளருக்கு நாட்டின் கதவே மூடிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் பிரசாவுரிமை கிட்டியது. இத்தனையும் கடந்து வந்த ஒருவரின் பேரன் பத்துப் பேர்ச் காணி கேட்கிறான் என்பதை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

பஸ் தெஹியோவிட்டவைக் கடந்ததும் இருமருங்கும் இறப்பர் மரங்கள். இவ்விடத்தின் தன்மையை அறிய நுவரெலியாவை மறந்துவிட வேண்டும். அங்கே மலை முழுவதும் தேயிலை. தோட்டத்துக்குள்ளேயே ஓர் உலகம். களனிப் பள்ளத்தாக்கிலோ தோட்டமும் கிராமமும் பாயின் கோரைபோல் ஒன்றுள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. இங்கே ஓர் இறப்பர் மலை, அதன் அடியில் வயல், அப்பால் விகாரை, மறுபடியும் இறப்பர். பால் வெட்டச் சிங்களக் கிராமத்தவரும் வருவர், லயத்துத் தமிழரும் வருவர். மழை பெய்தால் இருவருக்குமே அன்றைக்குப் பால் வெட்டில்லை, கூலியில்லை. ஆகையால் இப்பகுதித் தமிழர் சிங்களத்தைச் சிங்களவர்போலவே பேசுவர்; கடைக்காரச் சிங்களவர் பலருக்குத் தமிழ் எண்ணிக்கையும் வசவும் தெரியும். ஆயினும் 1977இலும் 1983இலும் இதே நெருக்கமே ஆபத்தாகவும் ஆயிற்று. வந்தவர்களுக்கு வழி கேட்கவேண்டியிருக்கவில்லை.

கரவனெல்லச் சந்தியில் கேகாலைப் பாதை வந்து சேர்கிறது. வைத்தியசாலை இருப்பதால் காலை முதலே சனக்கூட்டம்; மருந்துக் கடைகளும் தேநீர்க் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. ஒருகாலத்தில் இவ்வழியே சிறுபாதை ரயில் யட்டியாந்தோட்டை வரை ஓடியது. 1903இல் வந்த தண்டவாளத்தை யுத்த காலத்தில், 1942இல், கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்டையிலே ருவன்வெல்ல. 1934, 35இல் மலேரியாக் காய்ச்சல் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது கலாநிதி என். எம். பெரேரா இப்பகுதியில் மருந்தும் பருப்பும் கொண்டு வீடு வீடாகத் திரிந்தார். "பருப்பு மாத்தயா" என்று பெயர் சூட்டிய மக்கள் 1936இல் ருவன்வெல்லத் தொகுதியில் அவரை வெற்றிபெறச் செய்தார்கள். காய்ச்சல் சாதி மதம் பார்க்கவில்லை, பருப்பும் பார்க்கவில்லை.

தரகர் கன்னத்தோட்டையைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். இரு மொழியிலும் சமமாகப் பொய் சொல்லக்கூடியவர் என்று தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொண்டார். அதனால் அவரிடம் நமக்கு நம்பிக்கை பிறந்தது.

முதலில் காட்டிய காணி கங்கைக் கரையோரம். சமதரை, மலிவு. ஆசிரியை பக்கத்து வீட்டுச் சுவரைச் சற்றுநேரம் பார்த்தார். இடுப்பளவு உயரத்தில் வண்டல் நிறத்தில் ஒரு கோடு. "இது எந்த வருஷத்து வெள்ளம்?" என்றார். தரகர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

இரண்டாவது புளத்கொஹுபிட்டியப் பாதையில், குன்றின் சரிவில். காற்றும் காட்சியும் அருமை. ஆனால் 2016 மே 17ஆம் திகதியை இம்மாவட்டத்தில் யார் மறப்பார்? அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹனத் தோட்டத்து லயம் ஒன்றும் மண்ணுள் புதைந்தது. இத்தகைய மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை பெறவேண்டும். அறிக்கைக்கு முன்பே நம் மாணவர் திரும்பிவிட்டார். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் அந்த லயத்தில் இருந்தவர்.

மூன்றாவது காணி சந்தியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு சிங்கள மூதாட்டியின் வளவில் பிரித்து விற்பது. ஒரு றம்புட்டான் மரம், ஒரு பலா, பாதி தூர்ந்த கிணறு. மேட்டுநிலமாயினும் செங்குத்தன்று. "இந்தப் பக்கம் எந்தக் கரைச்சலும் இல்லை, டீச்சர், எல்லாரும் ஒற்றுமை" என்றார் தரகர். ஆசிரியை அதற்குப் பதில் சொல்லாமல் மூதாட்டியை "ஆச்சி" என்று அழைத்தார். பாட்டி என்று அவர்கள் மொழியிலும் நம்மவர் மொழியிலும் பொருள் தரும் சொல். பேச்சு சிங்களத்திலேயே நடந்தது. 83இல் இங்கே என்ன நடந்தது என்று நேராகக் கேட்டுவிட்டார். நமக்குத் திக்கென்றது.

மூதாட்டி உடனே பேசவில்லை. பிறகு சொன்னார்: "வெளியூரார் வந்து செய்தார்கள் என்று எல்லாரும் சொல்லுவார்கள், துவே. எல்லாரும் வெளியூரார் அல்லர். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். எனக்கு அப்போது கைக்குழந்தை."

ஒளித்து வைத்துக் காப்பாற்றினோம் என்று அவர் சொல்லியிருக்கலாம், மறுத்துரைக்க யாருமில்லை. திரும்பி நடக்கையில் ஆசிரியை கணவரிடம், "இந்த ஆச்சியின் பக்கத்தில் இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் தோட்டத்துக்குப் போனோம். மாணவரின் தாயார் கிணற்றைப் பற்றியோ பாடசாலையைப் பற்றியோ கேட்கவில்லை. "நான் செத்தா எங்கே கொண்டு போவீங்க? தூக்க யாரு வருவா?" என்றார். தோட்டத்தில் மயானம் உண்டு, சாவு விழுந்தால் லயம் முழுவதும் கூடும், பறை முழங்கும். வெளியே வீடு கட்டினால் அதற்கெல்லாம் யார்?

சிங்களக் கிராமங்களில் மரணாதாரச் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதச் சந்தா கட்டும் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் பணமும் நாற்காலியும் கொட்டகையும் கொடுப்பார்கள். ஆளாளுக்கு முறை வைத்து இரவு விழித்திருப்பார்கள். தமிழ்க் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதைத் தரகரும் அறியார், மூதாட்டியும் அறியார். செயலாளரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் மூதாட்டி. அடுத்த போயா தினக் கூட்டத்தில் விஷயம் எடுக்கப்பட்டதாம். ஒருவர், இவர்கள் இன்னும் வீடே கட்டவில்லையே என்றாராம். இன்னொருவர், சந்தாவை இப்போதே வாங்கிக்கொண்டால் சங்கத்துக்கு என்ன நட்டம் என்றாராம். பின்னவர் கட்சிதான் வென்றது.

மண்சரிவு அறிக்கை இன்னும் வரவில்லை. அது வருமுன் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று நாம் வற்புறுத்தியிருக்கிறோம். அங்கத்துவப் படிவம் மட்டும் வந்துவிட்டது. குடும்பத்தினர் பெயர்களை எழுதும் இடத்தில் தாயாரின் பெயரைத் தமிழிலும் எழுதலாமா என்று நம் மாணவர் செயலாளரைக் கேட்டிருக்கிறார். இடம் போதுமானால் எழுதுங்கள் என்றாராம் அவர்.