முட்டியும் அஞ்சு லீற்றர் கானும்

தம்பி ஏ.எல் எழுதிப்போட்டு ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் வீட்டில சும்மா இருந்தான். சும்மா இருக்கிற பெடியன் யூரியூப் பார்ப்பான். வெளிநாட்டுக்காரர் தங்கட குசினி மேசையில சின்னக் கண்ணாடிக் கலன் ஒன்றை வைத்து, நாலு லீற்றர் அளவில பியர் காய்ச்சுகிற வீடியோக்களில் அவன் விழுந்துபோனான். நான் கம்பஸ் லீவில பூநகரிக்கு வந்தபோது எங்கட சாமி அறைக்குப் பின்பக்கம், அரிசிப் பீப்பாவுக்குப் பக்கத்தில, ஒரு அஞ்சு லீற்றர் தண்ணிக் கான் இருந்தது. மூடியில ஒரு ஓட்டை. அதுக்குள்ளால ஒரு ரியூப் வெளியே வந்து தண்ணி நிரம்பிய யோகட் கோப்பைக்குள் முடிந்தது. அரை நிமிசத்துக்கு ஒருக்கா அந்தக் கோப்பைக்குள் 'புளுக்' என்றொரு குமிழி.

"உதென்னடா?"

"ஃபெர்மென்ரர், அக்கா. அம்மாட்டச் சொல்லாதை."

பார்லி மோல்ற்றும் ஹொப்ஸும் எங்கட பக்கம் எங்கே வாங்குறது? அதனால இஞ்சி பியரில இறங்கியிருக்கிறான். இஞ்சி, சீனி, தேசிக்காய்ப்புளி, பாணுக்குப் போடுகிற ஈஸ்ற். விசயம் பெரிசா ஒன்றுமில்லை. ஈஸ்ற் சீனியைத் தின்று, அல்ககோலையும் காபனீரொட்சைட்டையும் விடுகிறது. வாயு வெளியே போகவேணும், வெளிக்காத்து உள்ளே வரக்கூடாது. அதுக்குத்தான் அந்த ரியூப்பும் தண்ணிக் கோப்பையும். கடையில விற்கிற விலைகூடின கலன்களும் இந்த ஒரு வேலையைத்தான் கொஞ்சம் வடிவாகச் செய்கின்றன.

அவனுக்குப் பிழைத்தது அடுத்த கட்டத்தில். நாலாம் நாள் குமிழி குறைந்ததும், சோடாப் போத்தல்களில் ஊற்றி, 'காஸ்' கூட வரட்டும் என்று இன்னும் சீனி போட்டு, இறுக்கி மூடிவிட்டான். குளிர்நாட்டு வீடியோவில இருபது பாகை அறை. எங்கட வீட்டில பங்குனி மாதம் இரவிலும் முப்பதுக்குக் கிட்ட நிற்கும். ஈஸ்றுக்கு இங்கே கொண்டாட்டம். (நீங்கள் யாராவது இந்தக் கூத்துக்கு வெளிக்கிடுவதென்றால் கண்ணாடிப் போத்தலை மறந்துவிடுங்கோ. பிளாஸ்ரிக் என்றால் அமத்திப் பார்த்தே உள்ளே எவ்வளவு இறுகியிருக்கு என்று தெரியும். சட்டத்தையும் மறக்கவேண்டாம். 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னமும் உயிரோடதான் இருக்கு. அனுமதி இல்லாமல் வீட்டில மதுபானம் காய்ச்சுவது இங்கே குற்றம்.)

இரவு ஒரு மணி இருக்கும். முதலாவது போத்தல் வெடித்தது. பிறகு ரெண்டாவது.

நான் எழும்பி லைற்றைப் போட்டபோது அம்மா நிலத்தில கிடந்தா. பாயில படுத்திருந்த தம்பியைத் தன்ர உடம்புக்குக் கீழே இழுத்து, அவன்ர தலையை ரெண்டு கையாலும் மூடியிருந்தா. பத்தொன்பது வயதுப் பெடியன், அம்மாவைவிட ஒரு அடி உயரம். "குனி, குனி" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. 2009இல் தம்பிக்கு மூன்று வயது, எனக்கு ஆறு. எனக்கு அந்த ஆறு வயதின் நினைவு துண்டு துண்டாகத்தான். அம்மாவின் உடம்புக்கு அது முழுதாக இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

சத்தம் என்னவென்று விளங்க அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மணம் விளங்கியது. புளித்த மணம். அதுக்குப் பிறகு வந்த கோபத்தை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. போத்தல் வெடித்ததுக்கோ, ஏமாத்தினதுக்கோ அவ கத்தவில்லை. "என்ர வீட்டில இந்த மணம் வரக்கூடாது எண்டுதானடா நான் இவ்வளவு பாடுபட்டனான்" என்று அழுதா.

இதை எழுதலாமா என்று பலதரம் யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "உன்ர விருப்பம்" என்றா. எங்கட அம்மப்பா சீவல் தொழிலாளி. 2008இல் பூநகரியை விட்டு இடம்பெயரும்வரை மரம் ஏறினவர். இது எங்கட வீட்டில ஒளிக்கிற விசயமில்லை, ஆனால் கதைக்கிற விசயமும் இல்லை. கம்பஸில "ஊரில என்ன தொழில்?" என்று கேட்டால் "வயல்" என்று சொல்லுவேன். கொஞ்ச வயல் இருக்கு, அதனால பொய்யில்லை. அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில், வாங்கில பக்கத்தில இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி இருந்ததாம். கேலிப் பெயர் ஒன்றும் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை, வாசிக்கிற உங்களில் பலருக்கு அது தெரியும்.

அடுத்தநாள் காலமை அம்மப்பா வந்து கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு விளங்கப்படுத்தினான். கான், ரியூப், குமிழி, எல்லாவற்றையும் கொதிதண்ணியில கழுவினது. அம்மப்பா கனநேரம் சிரித்தார்.

"கழுவிப்போட்டியோ? முட்டியை நாங்கள் அப்பிடிக் கழுவுறேல்லை மோனை. அடியில கிடக்கிற மண்டிதான் அடுத்த கள்ளைப் புளிக்க வைக்கும்."

அன்றைக்கு அவர் கதைத்த அளவுக்கு முந்தி ஒருநாளும் இதைப்பற்றிக் கதைத்ததில்லை. பாளையைக் கட்டி, தட்டி, காலமையும் பின்னேரமும் ஏறி மெல்லிசாகச் சீவவேணும். ஆழமாகச் சீவினால் பாளை வீணாகும், பட்டும் படாமலும் சீவினால் சொட்டாது. சொட்டுகிறபோதே புளிக்கத் தொடங்கிவிடும். பதநீரில நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சீனி. வெயிலும் மண்டியும் மிச்ச வேலையைப் பார்க்கும். அரை நாளில கள்ளு, ரெண்டு மூன்று நாள் விட்டால் வினாகிரிப் பக்கம் போய்விடும். முட்டிக்குள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டால் புளிப்பு நின்று கருப்பணி, அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, நடுவில சுண்ணாம்பு மட்டும்தான். நிலத்திலயிருந்து ஐம்பது அடி உயரத்தில, மூடியே இல்லாமல், தேனீயும் எறும்பும் விழுந்து கிடக்கிற ஒரு ஃபெர்மென்ரர். பன்னாடையால வடித்தால் சரி.

தம்பி நோர்வேக்காரரைப் பற்றிச் சொன்னான். அங்கே கிராமத்து வீடுகளில 'குவைக்' என்றொரு ஈஸ்ற்றை மரவளையத்தில காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்திருக்கினம். நாற்பது பாகைக்குக் கிட்டவும் அது நன்றாக வேலை செய்யும். இப்ப பைக்கற்றில அடைத்து உலகமெல்லாம் விற்கினம். அமெரிக்காவில 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தோடதான் வீட்டில பியர் காய்ச்சுவதற்கு வரியில்லாமல் வழி விட்டது. வளர்ந்த ஒருவருக்கு வருசத்துக்கு நூறு கலன். அதே 1978இல்தான் இங்கே பனை அபிவிருத்திச் சபையும் தொடங்கியது. சும்மா ஒரு தற்செயல்தான். ஆனால் எனக்கு அது உறுத்தியது. அங்கே காய்ச்சுகிறவர் பொழுதுபோக்குக்காரர், அவருக்குப் புத்தகமும் போட்டியும் இருக்கு. இங்கே அதே வேலையைத் தளநாரோடயும் பாளைக்கத்தியோடயும் செய்தவரின் மகள் பள்ளிக்கூடத்தில தனி வாங்கில இருந்தா.

இதை வைத்துக் கள்ளைக் கோயிலில ஏத்த எனக்கு விருப்பமில்லை. எங்கட மாமா ஒருவர் மீள்குடியேறி வந்த பிறகு கசிப்பில அழிந்துபோனவர். பற்றைக்குள்ளே பீப்பாவில சீனியும் ஈஸ்றும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுகிற கசிப்பும் தம்பியின் கானும் முதற்கட்டத்தில ஒரே வேலைதான். அம்மாவின் பயத்தில மாமாவும் இருக்கிறார். அம்மா எதுக்கு அழுதா, சாதிக்கா, தம்பிக்கா, அந்தச் சத்தத்துக்கா என்று என்னால பிரித்துச் சொல்ல ஏலாது. அவவாலயும் ஏலாது என்று நினைக்கிறேன்.

பூநகரியில இப்பவும் தலையில்லாத பனைகள் நிற்கின்றன. நின்ற பலதைத் தறித்துப் பங்கருக்கு அடுக்கினவை. வடலிகள் வளருது, ஆனால் ஏற ஆளில்லை. அம்மப்பாவின் தளநார் எங்கே என்று கேட்டேன். முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வழியில எங்கேயோ விட்டதாம். கத்தியை மட்டும் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். அது அம்மாவின் குசினியில தேங்காய்ப் பொச்சு வெட்டக் கிடந்தது. இவ்வளவு காலமும் அதை நான் வெறும் கத்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

ரெண்டு கிழமை தம்பியோடு அம்மா சரியாகக் கதைக்கவில்லை. நான் யாழ்ப்பாணம் திரும்புவதற்கு முதல்நாள் பின்னேரம் அப்பத்துக்கு மாக் கரைத்தா. எங்கட பக்கத்து அப்பத்துக்குக் கள்ளு விட்டால்தான் பொங்கும், கரையும் முறுகும். வழக்கமாக அப்பச்சோடாவோட சமாளிக்கிற ஆள், அன்றைக்கு அரைப் போத்தலைத் தம்பியின் கையில கொடுத்து, "அம்மப்பாட்டக் கேள், ஆரிட்ட வாங்கிறதெண்டு அவருக்குத் தெரியும்" என்றா. அவன் சைக்கிளை எடுத்தான்.

வந்து ஊற்றி, கலக்கி, மூடியை எடுத்தபோது அம்மா அடுப்படியிலயிருந்து திரும்பாமலே, "இறுக்கி மூடாதை" என்றா.