மூடியில் ஒரு துளை

எம்மிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. பி.எஸ்.ஏ. எம் 20 என்பது அதன் இனம். ஐந்நூறு சி.சி.க்குச் சற்றுக் குறைந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைக்கென ஒரு லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட வண்டிகளுள் ஒன்று. அக்கம்பனியின் சின்னமே மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாத்தி நிறுத்திய உருவந்தான். பர்மிங்ஹாம் நகரின் துப்பாக்கித் தொழிலாளர் 1861இல் கூடித் தொடங்கிய கம்பனி அல்லவா? போர் முடிந்து, வெள்ளையர் போய், படையினரின் வண்டிகள் கைமாறிக் கைமாறி வந்த காலத்தில் எம் தந்தையார் அதனை வாங்கினார். அவருக்குப் பின் அது எமக்கு வந்தது.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாமும் நின்றோம். இரவு பகலாக நகராத அவ்வரிசையில் நின்றபோதுதான், மாட்டுக் கொட்டிலின் மூலையில் பழங்கிடுகுகளின் கீழ்க் கிடந்த இவ்வண்டி நினைவில் வந்தது. ஓய்வூதியம் பெறும் ஆசிரியனுக்குப் பொழுது போகவேண்டுமே! அடுத்த ஆண்டு அதனை வெளியே உருட்டினோம்.

தாங்கிக்குள் இருந்தது பெற்றோல் அல்ல, பெற்றோலின் பிணம். பல்லாண்டு கிடந்த எண்ணெய் ஆவி போய்த் தடித்து, வார்னிஷ் நாற்றத்துடன் பழுப்புப் பிசினாகத் தாங்கியின் அடியில் படிந்திருந்தது. அதன்மேற் கறள். சிறு கூழாங்கற்களை இட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். காபரேற்றரைக் கழற்றி, மிதவையை எடுத்து, ஊசியைத் துடைத்து, ஜெற்றின் கண்ணை ஒற்றைச் செம்புக் கம்பியிழையால் நீவினோம். (இரும்பு ஊசியால் ஒருபோதும் குத்தலாகாது, பித்தளை மென்மையானது, கண் பெருத்துவிடும். இது தந்தையார் சொல்லித்தந்த பாடம்.) புதிய பெற்றோல் ஊற்றி உதைத்தோம். ஏழாம் உதையில் எழும்பிற்று. அந்த ஓசை கேட்டு எம் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்து சற்று நேரம் பேசாது நின்றாள்.

ஆயின் வண்டி ஒன்றரை மைலுக்கு மேல் ஓட மறுத்தது. ஓடும், இருமும், நிற்கும். பத்து நிமிடம் மர நிழலில் விட்டால், ஒன்றும் அறியாத பிள்ளைபோல் மறுபடி எழும்பும். மீண்டும் ஒன்றரை மைல்.

எண்ணெய் வரத்துக் கோளாற்றைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வண்டி நின்றவுடன் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அது நனைந்திருந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது தீப்பொறி இல்லை. உலர்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. எமது பிளக் உலர்ந்து வெளுத்திருந்தது. அடுத்து, மிதவைக் கிண்ணத்தின் தலையிலுள்ள சிறு குமிழை அழுத்தினால் பெற்றோல் பொங்கி வழியவேண்டும். வழியவில்லை. எனவே ஜெற்றிற் பழுதில்லை. கிண்ணத்துக்கு மேலேதான் எங்கோ தடை. மேலே இருப்பவை எவை? குழாய், பெற்றோல் ரப், அதனுள் வலை, தாங்கி. இவ்வளவே. தெருவோரத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். தாங்கியில் எண்ணெய் உண்டா என்று முதலில் மூடியைத் திறந்து பார்த்தோம், உண்டு. குழாயைக் கழற்றி ரப்பைத் திறந்தோம், நீரோடைபோல் பாய்ந்தது. வலையைக் கழற்றினோம், தூய்மை. திரும்பப் பூட்டி உதைத்தால் ஓடிற்று. ஒன்றரை மைல்.

மூன்று கிழமைகள் இவ்வாறு கழிந்தன. சூட்டினால் குழாயில் ஆவி அடைக்கிறதென்று எண்ணிக் குழாயின்மேல் ஈரத்துணி சுற்றினோம். உள்ளெடுக்கும் குழலின் இணைப்பில் காற்றுக் கசிகிறதென்று எண்ணிப் புதிய அட்டை வெட்டிப் போட்டோம். மாணவருக்கு முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த எமக்கு, எம் வீட்டு வண்டியின் பௌதிகம் பிடிபடவில்லை.

இந்த வண்டியோடு எமக்கிருந்த உறவைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பெற்றோல் தடைசெய்யப்பட்டது. தெருவோரத்தில் போத்தலில் விற்ற பெற்றோல் ஆசிரியனின் சம்பளத்துக்கு எட்டாதது. அப்போது யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்களும் ஓடின, மோட்டார் சைக்கிள்களும் ஓடின. இதனை எந்தப் பொறியியற் பேராசிரியரும் கற்பிக்கவில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைத்த சிறு பம்புகளைப் பெற்றோலில் தொடக்கிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழக்கம் எமது கமக்காரரிடம் முன்பே இருந்தது. தோட்டத்து அறிவு தெருவுக்கு வந்தது, அவ்வளவே.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுள் அது வெறும் ஈரம். ஆகவே ஒரு சிறு போத்தலில் மருந்துபோல் பெற்றோலைக் காத்து, காபரேற்றரின் வாயிற் சில துளி விட்டு உதைப்போம். வைத்தியசாலையிற் கழித்த சேலைன் குழாய்க்கு அன்று இருந்த மதிப்பைச் சொல்லி மாளாது. எஞ்சின் சூடேறும்வரை துளித்துளியாக ஊட்டுவோம். பின்பு மண்ணெண்ணெய் தானே ஆவியாகும். புதிய யப்பான் வண்டிகள் மண்ணெண்ணெயில் நெஞ்சில் இடிப்பதுபோல் இடித்தன. எமது கிழவண்டியோ தளரவில்லை. அதன் அமுக்க விகிதம் 5க்கு 1 அளவே. மட்டமான எண்ணெயையும் தாங்கும்படி போருக்குச் செய்த எஞ்சின். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் அளவு குறையாமற் கூடுவது கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. அவர்களது எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன.

அந்த நாட்களின் கெட்டித்தனத்தைப் பெருமையாகப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. பெருமைக்குரியதே, மறுக்கவில்லை. எனினும் அப்பெருமையில் எமக்கு ஒரு முள் உண்டு. மின்சாரமில்லாத குடாநாட்டில் மண்ணெண்ணெய்தான் வெளிச்சம். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு, அந்த மினுக்கத்தில் எம் மாணவர்கள் படித்தார்கள். சங்கக்கடையிற் பங்கீட்டுக்குக் கிடைத்ததோ அளவானது. அதற்கு மேற்பட்டது காசுள்ளவனுக்கு. நாம் வண்டியில் விட்ட ஒவ்வொரு போத்தலும் யாரோ ஒரு வீட்டின் விளக்கிலிருந்து வந்ததுதான். காலையில் மண்ணெண்ணெய்ப் புகை மணக்கப் பாடசாலைக்குப் போய் இறங்குவோம். இரவு படிக்கவில்லை என்று ஒரு பையனை எழுப்பி நிறுத்துவோம். “விளக்குக்கு எண்ணெய் இல்லை, சேர்” என்பான். நாம் அவனை இருக்கச் சொன்னதுண்டு. எம் வண்டியைப்பற்றி ஒருநாளேனும் வாய் திறந்ததில்லை. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தபோது வடகரையின் மீன்பிடிப் படகுகள் மணலிற் கிடந்தன. அன்றும் அந்தப் பையனின் முகமே எமக்குத் தோன்றிற்று.

வண்டியின் நோய்க்கு வருவோம். முடிவில் ஆணவத்தைக் கைவிட்டு, கொக்குவிற் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஓர் இளைஞனிடம் போனோம். சாதாரண தரத்துடன் படிப்பை விட்டவன். பி.எஸ்.ஏ. வண்டியை அவன் அதுவரை தொட்டதேயில்லை. நாம் கழற்றியவை, கழுவியவை யாவற்றையும் வரிசையாகச் சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றைத்தான் கேட்டான்.

“நிண்ட உடனை முதல் என்ன செய்யிறனீங்கள், சேர்?”

“மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்போம்.”

“இனித் திறக்காதேங்கோ.”

அவனே ஏறி ஓட்டிக்கொண்டு போனான். நாம் பின்னால் முச்சக்கரவண்டியிற் போனோம். கோண்டாவிலைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வழக்கம்போல் வண்டி இருமி நின்றது. அவன் எதையும் கழற்றவில்லை. குமிழை அழுத்தினான்; பெற்றோல் வரவில்லை. பின்பு காதைத் தாங்கியருகே வைத்து மூடியை மெல்லத் திருகினான். ‘உஸ்’ என்று தாங்கி காற்றை இழுத்துக்கொண்ட ஓசை எமக்கும் கேட்டது. மறுபடி குமிழை அழுத்தினான். பெற்றோல் பொங்கி அவன் விரலை நனைத்தது.

“மூச்சு முட்டுது, சேர். அவ்வளவுதான்.”

ரின்பாற் பேணியில் ஒரு துளையிட்டாற் பால் வராது, காற்றுப் புக மறு துளையும் வேண்டும் என்று எத்தனை வகுப்புகளிற் பேணியைத் தூக்கிக் காட்டியிருப்போம்! தாங்கியில் எண்ணெய் இறங்க இறங்க அந்த வெற்றிடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்கென்றே மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் ஒன்றரை மைலில் உள்ளே அமுக்கம் குறைந்து எண்ணெய் இறங்க மறுக்கும். பத்து நிமிடத்தில் மூடியின் தக்கை ஓரத்தால் காற்று மெல்லக் கசிந்து நிலைமை சீராகும். நாமோ எண்ணெய் உண்டா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் முதலில் மூடியைத் திறந்து, எம் கையாலேயே நோயை மறைத்து, அதன்பின் நோயைத் தேடியிருக்கிறோம். அந்த இளைஞனிடம் வெளிப்படையாகவே சொன்னோம்: எமது பாடம் எமக்கே தெரியவில்லை என்று. அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

கராஜுக்குத் திரும்பியதும் மூடியைத் தலைகீழாக வைத்துத் துளையைச் சுரண்டினான். பழுப்பாய், கல்லாய் இறுகிய ஏதோ உதிர்ந்தது.

“கறள்தானே?” என்றோம்.

அவன் அதை விரலில் எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தான். மெலிதாக நுரைத்தது.

“கறள் இல்லை, சேர். சவர்க்காரம். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது. ஆரோ தெரிஞ்ச ஆள்தான் அடைச்சிருக்கு. ஆர் சேர்?”

நாமே. 1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு வெளியேறியபோது, எங்கள் தெருவில் நடப்பதற்கே இடமில்லை. வண்டியை எப்படிக் கொண்டுபோவது? காத்து வைத்திருந்த பெற்றோற் போத்தலைத் தாங்கியில் ஊற்றினோம். துளை வழியே ஆவியாகிப் போய்விடுமே என்று, கிணற்றடிக்கு ஓடிப்போய் அங்கிருந்த சவர்க்காரத்தில் நகத்தளவு கிள்ளி அடைத்தோம். சவர்க்காரமும் அன்று அரிய பொருள். பனம்பழத்தின் களியால் உடுப்புத் தோய்த்த காலம். மனைவி அந்த நேரத்திலும், “ஏன் அதையும் வீணாக்குறியள்?” என்று கேட்டாள். வண்டியைக் கொட்டிலில் விட்டுக் கிடுகால் மூடிவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி அச்சனத்தோடு நகர்ந்தோம். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் வீடு திரும்பியபோது, கதவும் நிலையும்கூட இல்லாத வீட்டில் அந்தக் கிழவண்டி மட்டும் அப்படியே கிடந்தது. அதன்பின் சைக்கிளே எமக்குப் போதுமாயிற்று. துளையையும் மறந்தோம்.

அந்த இளைஞன் அதற்குப் பின் பிறந்தவன். நாம் சொன்னவற்றை எல்லாம் மூடியைக் கையில் வைத்தபடியே கேட்டான். செம்பு இழையொன்றைத் துளையில் விட்டு இழுத்து, ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“எத்தினை நாளைக்கெண்டு நினைச்சு அடைச்சனீங்கள், சேர்?”

“ஒரு கிழமைக்கு” என்றோம்.