சூடு யார் பெயரில் இருக்கிறது?

லண்டனில் உறவினர் வீடுகளுக்குப் போனால், வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு பெட்டிதான் இருக்கும். வாசலுக்குக் கிட்டச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அது சொன்னால் குசினியில் இருக்கும் காஸ் பொயிலர் கேட்கும். ரொறன்ரோவில் நிலக்கீழ் அறையில் ஒரு ஃபர்னஸ் நின்று, குழாய் வழியே வீடு முழுவதற்கும் சூடான காற்றை ஊதும். அதற்கும் சுவரில் ஒரு பெட்டி. நோர்வேயில் கதை வேறு. இங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது ஆற்றுநீரிலும் அருவிநீரிலும் இருந்து வரும் மின்சாரம். அறைக்கு அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பனல் ஹீற்றர், குளியலறைத் தரைக்குள் சூடேற்றும் கேபிள், வசதியிருந்தால் ஹோலில் ஒரு ஹீற் பம்ப். கனிம எண்ணெயும் மண்ணெண்ணெயும் எரித்து வீட்டைச் சூடாக்குவதை 2020 ஜனவரி முதலாம் திகதியோடு அரசு தடைசெய்துவிட்டது. ஆகவே இங்கே ஒரு வீட்டை ஸ்மார்ட் ஆக்குவதென்றால் ஐந்தாறு தெர்மோஸ்டாட்டுகளை வைஃபையில் சேர்த்தாக வேண்டும்.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் நான் இருக்கும் சுற்றுவட்டாரத்தில் இந்த வேலைக்குத் தமிழ் வீடுகளில் என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டாம் இலக்கச் சுரங்க ரயிலில் வருகிறவர்களுக்கு இங்குள்ள மூன்று உயர்ந்த கட்டடங்களும் தூரத்திலேயே தெரியும். அவற்றைச் சுற்றியுள்ள தாழ்ந்த மாடிக் குடியிருப்புகளிலும் தொடர்வீடுகளிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். சுவருக்குள் பொருத்தும் தெர்மோஸ்டாட்டில் நான் கைவைப்பதில்லை. அது 230 வோல்ட் நிரந்தர இணைப்பு. பதிவுபெற்ற மின் நிறுவனம்தான் அதைச் செய்யலாம் என்பது சட்டம், முடித்ததும் அவர்கள் தரும் சான்றுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தவும் வேண்டும். பிளக்கில் செருகும் ஹீற்றரை வைஃபையில் சேர்த்துக் கொடுப்பதோடு என் வேலை முடியும்.

இதெல்லாம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2019 தொடங்குவதற்குள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீற்றர் வந்து, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எவ்வளவு கரண்ட் போகிறது என்று கணக்கெடுக்கத் தொடங்கியது. 2021 இலையுதிர் காலத்தில் தென் நோர்வேயில் விலை ஏறத் தொடங்கி, 2022இல் யாரும் காணாத உயரத்துக்குப் போனது. அரசு 2021 டிசெம்பர் மாதத்திலிருந்தே மின் உதவித்தொகை கொடுக்கவேண்டி வந்தது. மின்சாரத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பிகளுக்குக் கட்டும் கம்பி வாடகையின் கணக்கும் 2022 ஜூலையில் மாறியது. ஒரு மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் நீங்கள் ஆகக்கூடுதலாகக் கரண்ட் இழுத்த மணித்தியாலங்களை எடுத்து, அவற்றின் சராசரியை வைத்து மாதக் கட்டணத்தின் ஒரு பகுதியை நிர்ணயிக்கிறார்கள். எங்கள் வீடுகளில் மாலை ஐந்து மணிக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலையால் வந்ததும் ஹீற்றர் எல்லாம் முழுச் சூட்டில், அடுப்பில் சோறும் கறியும், ஓவனில் ஏதாவது, உடுப்புத் தோய்க்கும் மெஷின், வாசலில் மின்கார். அந்த ஒரு மணித்தியாலம் மாதக் கட்டணத்தையே ஒரு படி மேலே ஏற்றிவிடும்.

2025 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து, விரும்புகிற வீட்டுக்காரர் நிலையான விலையைத் தெரிவுசெய்யலாம். ஒரு கிலோவாட் மணிக்குப் பெறுமதிசேர் வரியோடு 50 ஓரே. அதை எடுத்தவர்களுக்குச் சந்தை விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. இனி ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் கம்பி வாடகையின் அந்த மூன்று மணித்தியாலக் கணக்கு அப்படியே இருக்கிறது. இரவில் படுக்கையறையைக் குறைத்து, விடிய எழும்புவதற்கு முன் கூட்டி, ஹோலையும் குளியலறையையும் ஒரே நேரத்தில் இழுக்கவிடாமல் மாறி மாறி ஓடவைக்க இந்தப் பொருள் உதவும். அதனால் இன்றைக்கும் அது வேண்டிய பொருள்தான்.

இனிச் சேர்க்கும் வேலை. பொதுவாகச் சிக்குவது ஒரே இடத்தில்தான். ஹீற்றருக்குள் இருக்கும் சிறிய வைஃபை சில்லுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். புதிய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. கையிலிருக்கும் போன் வேகமான 5இல் போய்க் குந்திக்கொள்கிறது. செயலி போன் இருக்கும் 5இன் வழியாகவே ஹீற்றரோடு பேசப் பார்க்கிறது, ஹீற்றருக்கு அது கேட்பதில்லை, விளக்கை மின்னிவிட்டு ஓய்கிறது. கம்பனிகள் இந்தப் பழைய அலைவரிசையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. 2.4இன் அலை நீளமானது, கொங்கிரீட் சுவரை 5ஐ விட நன்றாக ஊடுருவும். சில்லும் மலிவு. 'இப்போது 19 பாகை' என்று சொல்ல ஒரு ஹீற்றருக்கு வேகம் எதற்கு?

ஆகவே சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் ரவுட்டரில் 5ஐ நிறுத்திவிடுங்கள், அல்லது விருந்தினர் வலை ஒன்றை 2.4இல் மட்டும் திறந்து ஹீற்றர்களை அதற்குள் விடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய ஹீற்றர் உள்ளே வராது, டபிள்யூபிஏ2ஐயும் அனுமதிக்க வேண்டும். போனில் புளூடூத்தும் இருப்பிட அனுமதியும் திறந்திருக்க வேண்டும். அம்மாவின் போனில் இருப்பிடத்தைப் பிள்ளைகள் பாதுகாப்புக்காக மூடிவைத்திருப்பார்கள், செயலி அதைச் சொல்லாமலே தோற்றுப்போகும். மாடிக் குடியிருப்பில் அயல்வீட்டு வலைகள் வேறு போன் திரை நிறைய வரிசை கட்டி நிற்கும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்களாகப் பொதுவாக எடுப்பது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். அயலார் எல்லோரும் ஒன்றில் நெருக்கினால் உங்கள் ரவுட்டரை வேறொன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு சின்னதோ, அதைச் சுற்றி வருகிற விஷயம் அவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது ஒரு அக்காவின் வீட்டில்.

1956இல் நோர்வேக்கு வந்த முதல் தமிழராக அறியப்படும் அன்ரனி இராஜேந்திரம் திறந்த வழியில், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இளைஞர்கள் இங்குள்ள நாட்டுப்புற உயர்பள்ளிகளுக்கு மாணவர்களாக வந்தார்கள். பலர் பிறகு வடக்கே பின்மார்க்கின் மீன் ஆலைகளுக்குப் போனார்கள். அக்காவும் கணவரோடு அங்கே மீன் வெட்டிய காலம் உண்டு. அங்கே அவர்கள் இருந்த வீட்டில் விறகு அடுப்பும், ஒன்றிலிருந்து ஒன்பது வரை திருகும் குமிழ் வைத்த பழைய ஹீற்றரும் இருந்தனவாம். இப்போது கணவர் இல்லை. மகன் ட்ரொண்ட்ஹைமில் வேலை. அம்மா ஊருக்குப் போகும்போது கரண்ட் வீணாகக்கூடாது என்று நான்கு ஹீற்றர்களையும் தன் போனிலிருந்தே 12 பாகைக்குக் குறைத்துவிட்டிருந்தான். பேரப்பிள்ளைகள் அழுத்தி விளையாடாதபடி பொத்தான்களுக்குப் பிள்ளைப் பூட்டும் போட்டிருந்தான். அக்கறையான பிள்ளை செய்கிற வேலைதான் இரண்டும்.

அக்கா யாழ்ப்பாணத்தில் நிற்கும்போது குடியிருப்புச் சங்கம் இணையச் சேவையை வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. புதிய ரவுட்டர் பெட்டி அயல்வீட்டில் காத்துக்கிடந்தது. பழைய வலை நின்றுபோனது. வைஃபை அறுந்தால் பெரும்பாலான ஹீற்றர்கள் கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டு இருக்கும். அக்கா ஜனவரியில் திரும்பி வந்தபோது வீடு 12 பாகையில் நின்றது. மகன் ட்ரொண்ட்ஹைமிலிருந்து 22 என்று அழுத்துகிறான், ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஹீற்றரை அழுத்துகிறா, திரையில் ஒரு பூட்டுச் சின்னம் மட்டும் வருகிறது.

நான் போனபோது கோட்டும் தொப்பியும் கழற்றாமல் கதிரையில் இருந்தா. "தம்பி, அடுப்புக்கு விறகு போட்டுச் சூடாக்கின ஆள் நான். இந்தப் பெட்டி எனக்குக் கேக்குதில்லை."

கூட்டவும் குறைக்கவும் இருக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்துச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தேன். பூட்டுச் சின்னம் போனது. 22 வைத்தேன். உள்ளே தகடு சூடேறி விரியும் 'டிக், டிக்' சத்தம் கேட்டது. அடுத்த அறைக்கு அக்கா தானே போய்த் தன் கையால் அழுத்தினா.

பிறகு புதிய ரவுட்டரை எடுத்துப் பூட்டினேன். இந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறேன், இது பெரிய உதவி. ரவுட்டர் மாறினால், பழைய வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்தும் பிசகாமல் புதியதற்கும் வையுங்கள். ஹீற்றர்களுக்குப் பெட்டி மாறியதே தெரியாது, ஒவ்வொன்றாகத் தாங்களே வந்து சேர்ந்துகொள்ளும். அக்கா வீட்டிலும் அப்படித்தான் வந்தன. மகனின் போனும் உயிர்பெற்றது, அவன் நன்றி சொல்லி அழைத்தான்.

அப்போதுதான் அக்கா கேட்டா: "தம்பி, இது என்ர போனிலயும் வருமே? மீன் பொரிக்க ஜன்னலைத் திறந்தா ஹீற்றர் தானா நிக்குது. உடன அவன் போன் எடுத்து, ஏனம்மா ஜன்னல் திறந்தனீங்கள் எண்டு கேக்கிறான். என்ர வீட்டுச் சூடு எனக்குத் தெரியாமல் அவனுக்குத் தெரியுது."

ஜன்னல் திறந்ததைச் சட்டென்று விழும் வெப்பத்தை வைத்துக் கண்டுபிடித்து நின்றுவிடுவது இந்த ஹீற்றர்களில் நல்ல வசதி. தூரத்தில் இருக்கும் மகன் இரவு படுக்கும் முன் அம்மாவின் வீடு சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லதுதான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு மகனின் மின்னஞ்சலில், கடவுச்சொல் மகனின் நினைவில், செயலி மகனின் போனில். வீட்டுக்குப் பணம் கட்டுகிற, அந்தக் குளிரில் இருக்கிற மனுஷிக்கு அதில் ஓர் இடமும் இல்லை. வங்கிக்கும் வைத்தியரின் நேரத்துக்கும் வரிப் பத்திரத்துக்கும் இங்குள்ள மூத்தவர்கள் ஏற்கெனவே பிள்ளைகளின் விரலை எதிர்பார்த்து நிற்கிறார்கள். வீட்டின் சூடும் அந்த வரிசையில் சேர்வதை நாங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கம்பனிகளை நம்பியும் இருக்க முடியாது. கூகுள் 2025 ஏப்ரலில் அறிவித்து, அந்த வருடம் ஒக்டோபர் 25ஆம் திகதியோடு நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் செயலித் தொடர்பை நிறுத்தியது. ஐரோப்பாவுக்குப் புதிய நெஸ்ட் தெர்மோஸ்டாட் இனி வராது என்றும் சொல்லிவிட்டது. லண்டன் வீடுகளில் சுவரில் மாட்டிய அந்தப் பழைய நெஸ்ட் பெட்டிகளைக் கையால் திருப்பலாம், போனிலிருந்து இயக்க முடியாது. ஆகவே வாங்கும்போது, இணையம் இல்லாவிட்டாலும் பொத்தானால் முழுதாக இயங்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். என் கணக்கில் மற்ற எல்லா வசதியும் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் ஈரத் துவாயையும் பிள்ளைகளின் கையுறையையும் ஹீற்றருக்கு மேலே காயப்போடும் வழக்கம் உண்டு. ஹீற்றரின் மேல் 'மூடாதே' என்ற குறி இருப்பது சும்மா அல்ல. ஹீற்றரைக் கையால் போடும் காலத்தில், போடுகிறவர் பக்கத்திலேயே நின்றார், துணியைக் கண்டார். இப்போது ட்ரொண்ட்ஹைமில் ஒருவர் 22 என்று அழுத்தும்போது ட்வெய்ட்டாவில் ஹீற்றருக்கு மேல் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தூரத்திலிருந்து இயக்கும் வீட்டில் ஹீற்றரில் துணி போடவே கூடாது. நீட்டு வயரில் ஹீற்றரைச் செருகவும் கூடாது.

அக்காவின் போனில் செயலியை இறக்கி, அவவின் மின்னஞ்சலில் கணக்குத் திறந்தோம். மகனே அங்கிருந்து வீட்டின் உரிமையை அம்மாவுக்கு மாற்றிவிட்டுத் தன்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டான். சில நிமிட வேலை. அறைகளுக்கு 'சாமியறை', 'குசினி' என்று அக்கா சொன்னபடி தமிழில் பெயர் போட்டோம். ஜன்னல் அறிவிப்பை மகனின் போனில் நிறுத்தச் சொன்னா, அவனும் நிறுத்திவிட்டான்.

வீட்டை விட்டுப் படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். இலையுதிர் விடுமுறைக்கு ஒஸ்லோ வரும்போது, குளிர் தொடங்க முன், ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். கணக்கை அம்மா அப்பாவின் பெயருக்கு மாற்றுங்கள். பிள்ளைப் பூட்டை எடுத்துவிடுங்கள், எடுப்பது எப்படி என்று அவர்களின் விரலாலேயே செய்யவிட்டுக் காட்டுங்கள். வலையின் பெயர், கடவுச்சொல், செயலியின் பெயர், எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, பியூஸ் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். றொம்மன் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் பிள்ளைகளை வகுப்புக்கு விட்டுக் காத்திருக்கும் பெற்றோரில் மின்வேலையும் கணினியும் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மூத்தவர்களுக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுக்க முன்வாருங்கள், நானும் வருகிறேன்.