கரக்பூரில் சைக்கிள்கள் சேருமிடம்

கரக்பூர் என்றதும் பிற ஊர்களில் வாழும் நம் அன்பர்களுக்கு நினைவுக்கு வருவது அதன் நீண்ட பிளாட்பாரமே. 1,072 மீட்டர் நீளமுள்ள அம்மேடை பல்லாண்டுகள் உலகிலேயே மிக நீளமானது என்னும் பெயரோடு விளங்கிற்று. 2013-இல் கோரக்பூர் நிலையம் அப்பெயரைத் தட்டிக்கொண்டு போயிற்று. 2023-இல் ஹூப்ளி நிலையம் 1,507 மீட்டர் மேடை அமைத்து அதனையும் விஞ்சிவிட்டது. மேடையின் பெருமை போயிற்றேனும் ஊரின் பெருமை குன்றிவிடவில்லை. ஹௌராவுக்கு மேற்கே 115 கிலோமீட்டர் தொலைவில், செம்மண் நிலத்தின் நடுவே, ரயிலுக்காகப் பிறந்து ரயிலாலேயே வளர்ந்த ஊர் இது. கோல் பஜாரில் ஒரு மாலைப்பொழுது நடந்தால் வங்காளி, தெலுங்கு, ஹிந்தி, ஒரியா, தமிழ் ஆகிய ஐந்து மொழிகளும் காதில் விழும். ரயில்வே அலுவலை நம்பி வந்து, இங்கேயே பேரன் பேத்திகளைக் கண்டுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல.

இவ்வூரைக் காண வருபவர் மேடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாகாது என்பது என் கருத்து. காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையில் ஏதேனும் ஒரு தெருமுனையில் நின்று பார்க்க வேண்டும். மாலஞ்சா, இந்தா, கரிதா, நிம்புரா, தால்பாகிச்சா முதலிய பேட்டைகளிலிருந்து சைக்கிள்கள் சாரை சாரையாக வந்துகொண்டிருக்கும். மோட்டார் சைக்கிள்களும், டோட்டோ என்று இங்கு வழங்கும் மின்சார ரிக்‌ஷாக்களும் பெருகிவிட்ட இந்நாளிலும் அந்த வரிசை அற்றுப்போய்விடவில்லை. பிட்டர், கொத்தனார், கடைச் சிப்பந்தி, சமையல் வேலைக்குச் செல்லும் அம்மாள், பள்ளி மாணவி, என் போன்ற குமாஸ்தா என எல்லோரும் அதில் உண்டு. 2019-21-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பங்கள் மிகுந்த மாநிலம் மேற்கு வங்காளமே. இங்கு நூற்றுக்கு 79 குடும்பங்களில் சைக்கிள் உண்டு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களில்தான் உண்டு.

சைக்கிளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சாலையைப் பற்றியே எழுதுவர். சாலையில் குழி, லாரியால் ஆபத்து, தனிப்பாதை இல்லாத குறை ஆகியவை எல்லாம் உண்மைதான். ஆயினும் சக்கரம் சுழலும் வரையில் உள்ள கதை அது. சக்கரம் நின்ற பின் என்ன என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட விஷயம். சித்திரை வெயிலில் ஐந்து கிலோமீட்டர் மிதித்து வந்தவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க அலுவலக வாயிலில் இறங்குகிறான். ஆடி மழையில் வந்தவனோ தலை முதல் கால் வரை நனைந்திருக்கிறான். அவன் வண்டியை எங்கே நிறுத்துவது? முகத்தை எங்கே கழுவுவது? ஈரத் துணியை எங்கே உலர்த்துவது? இக்கேள்விகளோடு ஊரைச் சுற்றி வருவோம்.

முதலில் ரயில் நிலையத்தின் பக்கம் செல்வோம். ஹௌரா மார்க்கத்து லோக்கல் வண்டிகளைப் பிடிப்பதற்காகச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வருவோர் ஏராளம். அவர்களுக்காக, வங்காளத்து ரயில் நிலையங்களையொட்டி எங்கும் காணப்படும் ‘சைக்கிள் கராஜ்’கள் இங்கும் உள்ளன. பெயர்தான் பெரிது, பெரும்பாலும் ஒரு வீட்டின் முற்றம், அதன்மேல் ஒரு தகரக் கூரை, அவ்வளவே. நான் அடிக்கடி காணும் கராஜின் உரிமையாளருக்கு ஒவ்வொரு வண்டிக்காரரும் எந்த லோக்கலில் போவார், எந்த லோக்கலில் திரும்புவார் என்பது மனப்பாடம். முதலில் திரும்புகிறவரின் வண்டி வாயிலோரம். கடைசி வண்டியில் வருகிறவருடையது சுவரோரம். முற்றத்தின் மூலையில் ஒரு கைக்குழாய், ஒரு வாளி, காற்றடிக்க ஒரு பம்பு, முகம் பார்க்க ரசம் போன ஒரு கண்ணாடி. கிராமத்துப் புழுதியோடு வந்தவர் அங்கே கால் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, பட்டணத்து மனிதராக ரயிலேறுகிறார். சட்டம் எதுவும் அவ்வாளியை அங்கே வைக்கச் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் தேவையைக் கண்டறிந்த ஒருவர் வைத்தார். அதனால் அவருக்கும் இலாபமே.

அடுத்து ரயில்வே பணிமனை. பொன்மலையில் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. சங்கு ஒலித்ததும் வாயில்களில் ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு புகுவதும், வேலை முடிந்ததும் ஒரே வெள்ளமாக வெளிப்படுவதும் இங்கும் உண்டு. அங்கு முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற நம் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். “தம்பி, மாற்றுச் சட்டை ஒன்றும் சோப்புத் துண்டு ஒன்றும் எப்போதும் என் பெட்டியில் இருக்கும். கிரீஸ் கறையோடு நான் ஒருநாளும் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. வீதியில் என்னைப் பார்ப்பவர்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் போகிறார் என்றே எண்ணுவார்கள்” என்றார். அவர் குரலில் இருந்த பெருமிதம் சோப்பைப் பற்றியதன்று என்பதை நான் உணர்ந்தேன்.

இப்பெருமிதத்திற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. தொழிலாளர் கை கால் கழுவப் போதுமான வசதி ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இருக்க வேண்டும் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு விதித்தது; பெண்களுக்கு அது தனியாகவும் மறைப்போடும் இருக்க வேண்டும் என்றும் கூறியது. வேலை நேரத்தில் அணியாத உடைகளை வைக்கவும் நனைந்த உடைகளை உலர்த்தவும் இடம் ஒதுக்குமாறு விதி செய்யும் அதிகாரத்தை 43-ஆம் பிரிவு மாநில அரசுகளுக்கு அளித்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, ஒரு தொழிலாளியின் ஈரச் சட்டையைப் பற்றி நம் சட்டமன்றத்தார் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது போற்றத்தக்கதன்றோ!

ஆனால் அச்சட்டத்தின் எல்லை தொழிற்சாலை மதிலோடு நின்றது. மதிலுக்கு வெளியே கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்வோர் நிலை என்ன? நமக்கு அறிமுகமான ஒரு தமிழ்க் குடும்பத்தின் மகள் கதையைக் கூறுகிறேன். மேற்கு வங்க அரசு 2015 முதல் ‘சபுஜ் சாத்தி’ என்னும் திட்டத்தின்கீழ் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்குச் சைக்கிள் வழங்கி வருகிறது. அவ்வாறு பெற்ற சைக்கிளிலேயே அப்பெண் பள்ளிப் படிப்பை முடித்தாள். பின்னர் ஊரில் ஒரு தனியார் காரியாலயத்தில் கணக்கெழுதும் வேலையும் பெற்றாள். கோடையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். மழைக்காலம் வந்தது. அக்காரியாலயத்தில் உடை மாற்ற ஒரு மறைவிடம் இல்லை. ஈரத்தை உலர்த்த ஒரு கொடி இல்லை. சைக்கிளை நிறுத்தக்கூட இடமின்றிக் காவலாளியோடு தினமும் வாக்குவாதம். நனைந்த உடையோடு மின்விசிறியின் கீழ் நாள் முழுதும் உட்கார்ந்து இருமுறை காய்ச்சலில் விழுந்தாள். “அண்ணா, மழைக்கு நான் பயப்படவில்லை. ஈரத்தோடு பத்து ஆண்கள் நடுவே போய் நிற்பதற்குத்தான் கூசுகிறது” என்றாள். இப்பொழுது டோட்டோவில் போய் வருகிறாள். சிறு சம்பளத்தில் ஒரு பங்கு வண்டிக் கூலிக்குப் போகிறது. தம்பியின் டியூஷனுக்கு அவள் கொடுத்துவந்த பணம் நின்றுவிட்டது. சைக்கிளோ கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. வண்டியை இனாமாகக் கொடுத்த நாட்டில், அது சென்று சேருமிடத்தில் ஓர் ஆணியும் ஒரு திரையும் இல்லாமற்போனதால் விளைந்த நஷ்டம் இது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், உழவும் வீட்டுத்தொழிலும் நீங்கலாகப் பிற வேலைகளுக்குச் செல்லும் ஏறத்தாழ 20 கோடிப் பேரில் 2 கோடி 60 இலட்சம் பேர் சைக்கிளில் செல்வதாகத் தெரியவந்தது. அரசாங்கமும் இவர்களை அறவே மறந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. 2006-ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சைக்கிள் பாதைகளில் நிழல் மரம், குடிநீர், இளைப்பாறும் இடம் ஆகியவற்றை ஊக்குவிக்கப்போவதாகக் கூறியது. வழியின் நடுவே இளைப்பாறுவதை எண்ணியவர்கள் வழியின் முடிவையும் சேர்த்து எண்ணியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நம் நகரங்களின் கட்டட விதிகளோ வாகனம் நிறுத்தும் இடத்தைப் பெரும்பாலும் ‘கார் அளவு’ என்னும் கணக்கிலேயே அளக்கின்றன. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தொழிற்சாலைச் சட்டத்தை உள்ளடக்கி 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கழுவுமிடம், குளிக்குமிடம், பூட்டு அறை, ஈர உடை உலர்த்துமிடம் ஆகியவை அதன் 24-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளன. தொழிற்சாலை மட்டுமின்றி, பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பிற நிறுவனங்களையும் அது தழுவுகிறது. நம் கணக்கெழுதும் தங்கைகளுக்கு இது நற்செய்தியே. ஆனால் மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் இது பொருந்தாது என அதன் தொடக்கத்திலேயே விலக்கு அளித்திருக்கிறார்கள். போர்க்கப்பலுக்குச் சைக்கிளில் செல்வோர் இல்லை. அரசு அலுவலகங்களுக்குச் செல்வோர் நிறைய உளர்!

சேருமிடத்து வசதியின் அருமையை ரயில்வேயைவிட நன்கறிந்த நிறுவனம் வேறில்லை. எஞ்சின் ஓட்டுநரும் கார்டும் அயலூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு இறங்கினால் அவர்களுக்கென ‘ரன்னிங் ரூம்’ காத்திருக்கிறது. படுக்கை, குளியல், சூடான உணவு மூன்றும் அங்கே உண்டு. பயணம் முடிந்தவன் உடல் தேறினால்தான் அடுத்த பயணம் பழுதின்றி நடக்கும் என்பது அதன் தத்துவம். அத்தத்துவம் எஞ்சினுக்குப் பொருந்தினால் சைக்கிளுக்குப் பொருந்தாதா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதுக் கட்டடங்களுக்கான விதியே இருக்கிறது. ஊழியருக்கு ஐந்து சைக்கிள் இடங்கள் தேவைப்பட்டால் ஒரு குளியலறை. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து இடங்களுக்கும் இன்னொன்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்களுக்கு ஒரே கூரையின்கீழ் இடம் அமைத்துள்ளார்கள்.

இவையெல்லாம் செல்வ நாட்டுப் பேச்சு என்று சிலர் கூறலாம். நம் முன்னோரை எண்ணிப் பார்க்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுமையோடு நடப்பவன் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். வீட்டு வாசலில் திண்ணை கட்டி, வந்தவர் கால் கழுவச் செம்பில் நீர் கொடுத்த பின்பே ‘வாருங்கள்’ என்றார்கள். அவர்கள் எல்லோரும் செல்வந்தர்களா? வழி நடந்து வருபவனின் களைப்பை மதித்தார்கள்; அவ்வளவே.

ஆகவே அன்பர்களே, நாம் வேண்டுவது மிகச் சிறிது. வெயிலும் மழையும் படாத ஒரு கூரை, பூட்டுவதற்கு ஓர் இரும்புக் கம்பி, ஒரு தண்ணீர்க் குழாய், கதவுள்ள ஓர் அறை, சுவரில் சில ஆணிகள், ஒரு கொடி, காற்றடிக்க ஒரு பம்பு. பெண்களுக்குத் தனி அறை கட்டாயம் வேண்டும். நம்மவருள் கடையும் கம்பெனியும் நடத்துவோர் பலர் உளர். அவர்கள் தங்கள் ஊழியருக்கு இதைச் செய்து கொடுக்கலாம். அலுவலர் சங்கங்களில் பொறுப்பில் இருப்போர் அடுத்த கோரிக்கை மனுவில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். அரசு அலுவலகத்திற்குச் சட்டம் விலக்களித்திருப்பதால், அதிகாரிகள் மனமுவந்து செய்யத் தடை ஏதுமில்லை.

முதற்காரியமாக, நம் சங்கக் கட்டடத்தின் பின்புறம் பயனின்றிக் கிடக்கும் தாழ்வாரத்தைச் சுத்தம் செய்து, குழாயைப் பழுது பார்த்து, சைக்கிளில் வரும் அங்கத்தினர்க்கென ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் சைக்கிளில்தான் வருகிறார்கள். ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறுமா? தாழ்வாரத்தில் ஆணி அடிக்கும் பொறுப்பை நானும் என் நண்பர் இருவரும் ஏற்றுக்கொள்கிறோம். ஆணிகளை வாங்கியும் வைத்துவிட்டோம்.