தியவன்னா ஓரத்து நடையும் எங்கள் ஆறு பேர்ச்சும்



"சேர், ஒங்க ரெண்டு பேரையும் ஞாயித்துக்கெழம தியத்த உயன பக்கம் கண்டேனே" என்று போன ஜும்ஆவில் ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

எங்களில் ஒருவருக்குச் சீனி, மற்றவருக்குப் பிறஷர். யாருக்கு எது என்பது வீட்டு ரகசியம். தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார் டொக்டர். வெல்லம்பிட்டியில் எங்கே நடப்பது? வீதியோரத்தில் நடந்தால் ஒரு பக்கம் லொறி, மறு பக்கம் கான். சுபஹுக்குப் பிறகு இரண்டு நாள் முயன்று பார்த்தோம். மூன்றாம் நாள் நாய் துரத்தியதில் பிறஷர் இன்னும் கூடியது. அதன் பிறகுதான் லீவு நாட்களில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்தரமுல்லைப் பக்கம் போகத் தொடங்கினோம்.

பொல்தூவ சந்திக்குப் பக்கத்தில் இறங்கினால் தியவன்னா ஓயா. கரையோரமாகக் கல் பதித்த பாதை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. முழங்கால் வருத்தக்காரரும் நடக்கலாம், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்தும் போகலாம். டிக்கெட் கிடையாது. காலை ஆறரைக்குப் போனால் மரக்கிளையில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கும். கபரகொய்யா ஒன்று பாதையைக் குறுக்கே கடக்கும், அதற்கு அவசரமே இருக்காது. தூரத்தில் தண்ணீருக்கு நடுவில் ஜெப்ரி பாவா வரைந்த பாராளுமன்றத்தின் செப்புக் கூரை தெரியும்.

முதல் நாள் அபாயாவுக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து போட்டு நடக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. 2019க்குப் பிறகு கொஞ்ச காலம் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகவே தயங்கியவர்கள் நாங்கள். இப்போது எதிரே வரும் சிங்களப் பெண்மணிகள் எங்களைக் காணாவிட்டால் அடுத்த வாரம் "ஏன் வரவில்லை" என்று கேட்கிறார்கள். நம் பெண்கள் இன்னும் நிறையப் பேர் வரலாம். வீட்டுக்குள்ளேயே இருந்து சீனி கூடிய எத்தனை உம்மாமார் நம் ஊரில்!

ஆனால் எழுத வந்த விடயம் வேறு.

அங்கே தினமும் நடக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். கோட்டேக்காரர், எழுபத்தைந்துக்கு மேல் வயது. ஒருநாள் கைத்தடியால் ஏரியைக் காட்டி, "நான் சின்னவனாக இருந்தபோது இது வயலும் சதுப்பும்" என்றார். உண்மைதான். இங்கே சதுப்பைத் தோண்டி ஏரியாக்கித்தான் 1982இல் திறந்த அந்தப் பாராளுமன்றத்தைக் கட்டினார்கள். 2010 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் அந்தப் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. "தண்ணிக்கு எம்பியைத் தெரியாது" என்று சிரித்தார் பெரியவர்.

எங்களில் ஒருவர் புவியியல் படிப்பிப்பவர். வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் கீறிக் காட்டினார். தியவன்னாவின் தண்ணீர் கால்வாய்கள் வழியே ஒரு பக்கம் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலுக்கு இறங்குகிறது. மறு பக்கம் கொலன்னாவைச் சதுப்பு, கித்தம்பஹுவ எல வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. கங்கை நிறைந்துவிட்டால் அந்தப் பக்கம் இறங்காது. அப்போது தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடம்தான் சதுப்பு. 2018இல் உலகில் 18 நகரங்களுக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள், அதில் கொழும்பும் ஒன்று. அந்தப் பாடத்தை இத்தனை வருடமும் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். கித்தம்பஹுவ எல எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டைக் கட்டியபோது காணியை இரண்டரை அடி நிரப்பினோம். எல்லோரும் நிரப்பினார்கள், நாங்களும் நிரப்பினோம். பக்கத்து ராத்தாவின் வீடு பழைய வீடு, இருந்த மட்டத்திலேயே இருந்தது. 2016 மே மாத வெள்ளத்தில் எங்கள் ஹோலில் கணுக்கால் அளவு தண்ணீர், அவவுடைய வீட்டில் ஜன்னல் வரைக்கும். றமழானுக்கு மூன்று வாரம் இருந்தது. நாங்கள் சோற்றுப் பார்சல் கொடுத்தோம், கட்டிலைத் தூக்கிக் கொடுத்தோம். ஊரே எங்களைப் பாராட்டியது. எங்கள் மண்தான் அந்தத் தண்ணீரை அங்கே தள்ளியது என்று யாரும் சொல்லவில்லை. ராத்தாவும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர்ச் பள்ளக்காணி கிடக்கிறது. மழை காலத்தில் தண்ணீர் நிற்கும், கொக்கு வரும். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது, அதில் ஒரு வீடு கட்டிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டும் விட்டோம். நிரப்புவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்தா வேல நடக்குமா சேர், ராவைக்குக் கொட்டிட்டுப் போறேன்" என்றார் டிப்பர்காரர்.

போன மாதம் ராத்தாவிடம் விடயத்தைச் சொன்னோம். பாய் பின்னிக்கொண்டிருந்தவ தலையை நிமிர்த்தவில்லை.

"ஒங்கட காணி தம்பி, நீங்க என்ன செஞ்சாலும் நான் என்ன சொல்ற. தண்ணி வந்தா இந்த முற மேல் மாடிக்கு என்ன ஏத்திக்கங்க, அது போதும்."

அடுத்த ஞாயிறு நடையில் இருவரும் அதிகம் பேசவில்லை. டிப்பர்காரரின் கோல் வந்தது, எடுக்கவில்லை. திரும்பி வரும்போது கரையில் நின்று அந்தப் பரந்த தண்ணீரைப் பார்த்தோம். அழகாக இருக்கிறது என்று படம் பிடித்துப் போடுகிறோமே, யாரும் நிரப்பாமல் விட்ட காணிதானே அது!

இப்போது தெரிந்த பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டிருக்கிறோம். மண் போடாமல், தூண் எழுப்பி, கீழே தண்ணீர் போய்வர விட்டு மேலே வீடு கட்டலாமாம். அதற்கும் முறைப்படி அனுமதி எடுக்க வேண்டும், செலவும் கூடும். சம்பந்தி வீட்டார் "தூண் மேல வீடா?" என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் மட்டும் ஒப்புக்கொண்டாள். டிப்பர்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவர் வேறு யாருடைய காணியிலோ கொட்டியிருப்பார்.

இன்று காலை நல்ல மழை, நடைக்குப் போகவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பின் வளவுக்குப் போய்ப் பார்த்தோம். பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ராத்தா வீட்டுப் படி நனையவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அவ கதவடியில் நின்று கூப்பிட்டா. சீனி போடாமல் ஒன்று, போட்டு ஒன்று குடித்துவிட்டு வந்தோம்.