இல்போர்ட்டில் ஓர் இலவச மிருக வைத்தியசாலை

இலண்டனுக்குப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் கேட்பது அரச மாளிகையைப் பற்றியும் தேம்ஸ் நதிப் பாலத்தைப் பற்றியும்தான். அவற்றையும் பார்த்தேன். ஆனால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் மனத்தில் மாறாமல் நிற்பது இல்போர்ட்டில் பார்த்த ஒரு நாய், பூனை வைத்தியசாலைதான்.

2014 ஆம் ஆண்டு அக்காவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கவென்று போய் மூன்று மாதம் அங்கே நின்றேன். கிழக்கு இலண்டனில் உள்ள இல்போர்ட்டிலும் ஈஸ்ட் ஹாமிலும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கடையில் வாங்கலாம். மருமகளின் பக்கத்து வீட்டிலும் ஒரு மாமி இருந்தார். எழுபது வயது தாண்டியவர். கணவர் காலமாகி ஒன்பது வருடம். அரச உதவிப் பணத்தில்தான் சீவியம். அவருக்குத் துணை ராணி என்ற பெட்டை நாய். கணவரின் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை யாரோ கொண்டுவந்து கொடுத்த குட்டியாம். "வா", "இரு", "படு" என்று தமிழில் சொன்னால்தான் ராணிக்கு விளங்கும்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மாமி வேலிக் கதவைத் தட்டினார். ராணி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் மொண்டு மொண்டு குடிக்கிறது, பின்பக்கத்தால் நீர் வடிகிறது என்றார். அருகில் இருந்த தனியார் மிருக வைத்தியரிடம் மருமகன் காரில் கொண்டுபோனார். பார்த்தவுடனேயே வைத்தியர் சொல்லிவிட்டார்: கருப்பையில் சீழ் கட்டிவிட்டது. குட்டி போடாதபடி சத்திரசிகிச்சை செய்யாத வயதான பெட்டை நாய்களுக்கு வரக்கூடிய வருத்தம் இது. கருப்பையை உடனே எடுக்க வேண்டும். செலவு ஆயிரம் பவுணுக்கு மேல். அது முடியாதென்றால் நோவில்லாமல் ஊசி போட்டு முடித்துவிடலாம்.

மாமி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையிலிருந்த இரண்டு காப்புகளையும் கழற்றி மேசையில் வைத்தார். "விடிஞ்சதும் ஈஸ்ட் ஹாமுக்குப் போய் இதை வித்துப்போட்டு வருவம் பிள்ளை" என்றார். அவை கணவர் செய்து போட்ட காப்புகள்.

அந்தத் தனியார் சிகிச்சை நிலையத்துத் தாதி, நாங்கள் புறப்படும்போது ஒரு துண்டில் மூன்று நான்கு எழுத்துகளை எழுதித் தந்திருந்தாள். பி.டி.எஸ்.ஏ. என்பது அது. வசதி குறைந்தவர்களின் செல்லப்பிராணிகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்யும் தரும நிறுவனம். "அங்கே கேட்டுப் பாருங்கள்" என்றாள். நான் சொன்னதும் மாமியின் முகம் கறுத்தது.

"தருமாஸ்பத்திரிக்கோ? ஊரிலை நான் ஒருத்தரிட்டையும் கை நீட்டினதில்லை."

"மாமி, கை நீட்டுறது நீங்கள் இல்லை. ராணிதான்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வேளைக்கே தொலைபேசி எடுத்து, உதவிப் பணம் பெறும் கடிதத்தையும் முகவரிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். நிலக்கீழ் ரயிலில் போவதென்றால் ரெட்பிரிட்ஜ் நிலையத்தில் இறங்க வேண்டும். பெரிய வீதியோரம், புல்லும் மரங்களுமாக ஒரு வளவு. அதற்குள் வைத்தியசாலை.

உள்ளே போனதும் மாமியின் கூச்சம் பாதி போய்விட்டது. பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர், முயலைத் துவாயில் சுற்றிக்கொண்டு முக்காடு போட்ட ஓர் இளம் தாய், பள்ளிச் சீருடையோடு ஒரு பையன். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. கடிதங்களைப் பார்த்த பெண், "நாயின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டாள். ராணி என்றால் குவீன் என்று நான் விளக்கியதும் எழுந்து மேசைக்கு வெளியே வந்து நாயைத் தடவிக் கொடுத்தாள்.

வைத்தியரும் இளம் பெண்தான். ராணிக்கு வயது எட்டு, உடம்பில் நஞ்சு பரவத் தொடங்கிவிட்டது, மயக்க மருந்தைத் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது, ஆனால் செய்யாவிட்டால் பிழைக்காது என்று ஒளிக்காமல் சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். மாமி சம்மதப் பத்திரத்தில் தமிழில் கையெழுத்து வைத்தார்.

காத்திருந்த நேரத்தில் பின்பக்கம் போனோம். அங்கே விலங்குகளுக்கென்றே ஒரு மயானம். 1920களில் தொடங்கியது, 3,000 க்கும் மேற்பட்ட பிராணிகள் அடக்கம் செய்யப்பட்டவை. 2007 இல் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். சிறிய சிறிய கற்கள். பெயர், ஆண்டு, அன்பாக ஒரு வார்த்தை. நடுவே போர்க்கால வீரதீரத்துக்கு டிக்கின் பதக்கம் பெற்ற பிராணிகளின் கல்லறைகள். றிப் என்ற தெரு நாய் 1940 இல் குண்டு விழுந்த பொப்லர் பகுதியில் ஒரு காவல் தொண்டரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. எந்தப் பயிற்சியும் இல்லாமலே இடிபாடுகளுக்குள் கிடந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை மோப்பம் பிடித்துக் காட்டியது. சைமன் என்ற பூனை 1949 இல் சீனாவின் யாங்சி ஆற்றில் மூன்று மாதத்துக்கு மேல் சிக்கிக் கிடந்த அமெதிஸ்ற் என்ற கடற்படைக் கப்பலில் இருந்தது. குண்டுக் காயத்தோடும் எலிகளைப் பிடித்து மாலுமிகளின் உணவைக் காத்தது. அந்தப் பதக்கம் பெற்ற ஒரே பூனை அதுதான்.

அந்தக் கற்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீமனின் ஞாபகம் வந்தது. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் மழையில் வெளிக்கிட்டபோது, சங்கிலியை அவிழ்த்துவிட்டு, பானையில் இருந்த சோறு முழுவதையும் தட்டில் கொட்டிவிட்டு வந்தோம். படலை வரை வந்தது. பிறகு திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீமனும் இல்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. மனிதர் செத்துக்கொண்டிருந்த காலத்தில் நாயைப் பற்றிக் கதைக்க வெட்கமாக இருந்தது. மாமியிடம் அன்றுதான் சொன்னேன். "எங்கடை வீட்டிலையும் ஒண்டு நிண்டது பிள்ளை" என்றார் அவர்.

இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு பெண் என்பதை நம் வாசகிகள் அறிய வேண்டும். மரியா டிக்கின் 1870 இல் ஒரு மதபோதகரின் மகளாகப் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் எட்டுப் பேர், இவரே மூத்தவர். குடும்பத்துக்கு உதவியாகக் குரற்பயிற்சி கொடுத்து உழைத்தவர், திருமணத்தின் பின் அத்தொழிலை விட்டார். கிழக்கு இலண்டனின் ஏழைகள் மத்தியில் சமூகத் தொண்டுக்குப் போனபோது காயத்தோடும் சொறியோடும் குப்பையைக் கிளறித் திரிந்த நாய்களையும் பூனைகளையும் கண்டார். வளர்த்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள். வண்டி இழுத்த கழுதையும் பாலுக்கு வளர்த்த ஆடும்தான் பல குடும்பங்களின் பிழைப்பு.

முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917 கார்த்திகை 17 ஆம் திகதி, வைற்சப்பலில் ஒரு நிலவறையில் தம் மருந்தகத்தைத் திறந்தார். வருத்தமான பிராணிகளைக் கொண்டு வாருங்கள், வைத்தியம் இலவசம் என்று வாசலில் அறிவித்தார். சனம் அள்ளுண்டு வந்ததில் பொலிஸார் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. பிறகு குதிரை வண்டியிலே நடமாடும் மருந்தகங்களும் புறப்பட்டன. 1928 இல் இல்போர்ட்டில் பெரிய வைத்தியசாலை எழுந்தது. ஆரம்பத்தில், பட்டம் பெறாதவர்களை வைத்து வைத்தியம் செய்கிறார் என்று மிருக வைத்தியர்களின் எதிர்ப்பும் இருந்தது. இன்று அங்கே பதிவு பெற்ற வைத்தியர்களே வேலை செய்கிறார்கள். 1943 இல் டிக்கின் பதக்கத்தை ஏற்படுத்தியவரும் அவரே. 1951 இல் காலமானார்.

பின்னேரம் மாமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. "நீ போய்க் கேட்டுவா" என்று என் கையைப் பிடித்தார். வைத்தியரின் முகத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ராணி பிழைத்துக்கொண்டது. இரவு அங்கேயே வைத்துப் பார்த்து, மறுநாள் மருந்தும் கழுத்துக்கு ஒரு கூம்பும் போட்டு விட்டார்கள்.

வெளியே வரும்போது வாசலில் உண்டியல் இருந்தது. மாமி கைப்பையைத் திறந்து இருபது பவுண் தாளை நான்காக மடித்துப் போட்டார். அந்தக் கிழமைச் சாமான் வாங்கும் காசு அது. "பிறகு போடலாமே மாமி" என்றேன். "இது நேர்த்தி பிள்ளை, பிந்தக்கூடாது" என்றார். காப்புகள் திரும்பக் கைக்கு ஏறின. நான் ஊருக்குப் புறப்பட்ட நாளில் ராணி படிக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் நாட்டில் அத்தகைய பெரிய தரும வைத்தியசாலை ஊருக்கு ஊர் இல்லை. ஆனாலும் பிரதேசந்தோறும் அரச மிருக வைத்தியர் அலுவலகம் இருக்கிறது. நாய்களுக்கான விசர்நோய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாக ஏற்றுகிறார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அங்கே போகலாம் என்று நினைத்து நாயை வீட்டு மூலையில் சாகவிடுவோர் நம்மில் பலர். பெட்டை நாய் வளர்ப்பவர்கள் குட்டி போடாமல் இருக்கும் சத்திரசிகிச்சையைக் காலத்தோடு செய்வித்தால் ராணிக்கு வந்த ஆபத்து வராது. தெருவில் குட்டிகளைக் கொண்டுபோய் விடும் பாவமும் இல்லை.

நான் ஊருக்கு வந்த அடுத்த மாதமே எங்கள் வீட்டுப் பெட்டை நாயைச் சாக்கு விரித்த ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். "நாய்க்கு ஓட்டோவோ?" என்று ஒழுங்கையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி பிறகு வந்து, அங்கே எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள்.